எட்டடி பின்னால்

அசரியாவுக்கு நடப்பது பிடிக்காது. சிட்லபாக்கத்தில் சொந்த வீடு கட்டிக் குடியேறிப் பதினெட்டு வருடம் ஆகியும், வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் இருக்கும் ஏரியை அவர் பார்த்ததெல்லாம் ஸ்கூட்டர் மேலிருந்துதான். முக்குக் கடையில் பால் வாங்க ஸ்கூட்டர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஸ்கூட்டர். அடுத்த தெருவில் துக்கம் விசாரிக்கக்கூட ஸ்கூட்டர்தான். "கர்த்தர் கால் எதுக்குங்க குடுத்திருக்கார்?" என்று மனைவி தபீதாள் கேட்டால், "பிரேக் போட" என்பார்.

முப்பத்தோரு வருடம் கோர்ட்டில் ஸ்டெனோவாக உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு அது. பூந்தமல்லி, ஆலந்தூர், தாம்பரம், செங்கல்பட்டு என்று எங்கே தூக்கிப் போட்டாலும் நீதிபதியின் மேடைக்குக் கீழே அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. வேலித் தகராறு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, புருஷன் பெண்டாட்டி வழக்கு எல்லாம் அவர் காது வழியாக விரலுக்கு இறங்கிக் காகிதத்தில் ஏறின. ஒரே ஒரு குறை. எந்தக் கதையும் அவருக்கு முழுசாகக் கிடைத்ததில்லை. சூடு பிடிக்கிற நேரம் பார்த்து வாய்தா போடுவார்கள். வாய்தா முடிந்து கேஸ் திரும்பி வருவதற்குள் இவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு பென்ஷன் வந்தது, பகல் தூக்கம் வந்தது, சர்க்கரை வந்தது. கதை மட்டும் வருவது நின்றுபோனது.

மூன்று மாதச் சர்க்கரை ஒன்பது புள்ளி நாலு என்று ரிப்போர்ட் சொன்னது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் பேசினார். "மாத்திரை என் வேலை சார், நடக்கிறது உங்க வேலை. தினம் முக்கால் மணி நேரம். சும்மா உலாத்தினா கணக்குல வராது. நடக்கும்போது பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது. அந்த வேகம்."

சபையின் பாடகர் குழுவில் அடித்தொண்டைக் குரல் அசரியாவுடையது. மறுநாள் காலை ஏரிக்கரையில் சோதித்துப் பார்த்தார். நாலு சரணம் தாராளமாகப் பாட முடிந்தது. மூச்சு கொஞ்சம்கூட வாங்கவில்லை. "பாட்டு நல்லாத்தான் வருது" என்று வீட்டில் வந்து சொன்னார்.

மதுரையில் இருக்கும் மகள் ஜாஸ்மின் நாலாயிரம் ரூபாய்க்கு ஷூ அனுப்பினாள். நடையை எண்ணும் ஒரு செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். ஐந்நூறு அடி தாண்டியதும் அதிலிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் பாராட்டும். "நாலு வருஷம் முன்னாடி வரைக்கும் எல்லாரும் என்னைத் திட்டித்தான் வேலை வாங்கினாங்க. இந்தப் பொண்ணு நான் செருப்பு மாட்டினாலே கை தட்டுது. எப்படி நம்பறது?" என்று மூன்றாம் நாள் அதன் வாயை அடைத்துவிட்டார். எதிர்வீட்டு டேனியல் துணைக்கு வந்தார். அவர் தன் மூல வியாதியைப் பற்றி மட்டுமே பேசுவார், அதுவும் விளக்கமாக. ஒரு வாரத்தில் அந்தத் துணையும் போனது.

பிறகு அசரியா ஒரு வழி கண்டுபிடித்தார். காலை ஐந்தே முக்காலுக்கு ஷூ மாட்டிக் கிளம்புவார். ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து நாரைகளைப் பார்ப்பார். ஆறரைக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சட்டையில் தெளித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டபடி வீட்டுக்கு வருவார். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற தபீதாள் அவரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பிப் பார்த்தார்.

"வேர்வை முதுகுலதாங்க முதல்ல வரும். உங்களுக்கு மட்டும் நெஞ்சுல வந்திருக்கு."

அப்படி மாட்டிக்கொண்ட மறுநாள்தான், ஆத்திரத்தோடு கரையில் காலைத் தேய்த்துக்கொண்டு போனபோது, இரண்டு பெண்கள் அவரை விர்ரென்று தாண்டிப் போனார்கள். தாண்டும்போது ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

"நாலு பஜ்ஜி துண்ணாங்க ஸஹானா. நாலையும் துண்ணுட்டு, எண்ணெய் பழசோன்னு என் மூஞ்சியப் பார்த்துக் கேக்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

அதற்குள் அவர்கள் தூரம் போய்விட்டார்கள். பதில் காற்றில் கரைந்தது.

அசரியா தன் வாழ்நாளில் முதல் தடவையாக, யாரும் சொல்லாமல், காலை எட்டிப் போட்டார்.

எட்டடி தூரத்துக்கு நெருங்கினால் தெளிவாகக் கேட்டது. பத்தடி என்றால் பாதிதான். ஆறடி என்றால் சந்தேகம் வரும். இரண்டே நாளில் அளவு பிடிபட்டது. மூன்றாம் நாள் காதில் ஒரு ஒயரை மாட்டிக்கொண்டார், பாட்டுக் கேட்கிறவர் போல. மறுமுனை கால்சட்டைப் பையில் எதிலும் சொருகப்படாமல் கிடந்தது.

உரக்கப் பேசுகிறவள் பெயர் சரசு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மெயின் ரோட்டில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறாள். கேட்கிறவள் ஸஹானா, பள்ளிக்கூட ஆபீசில் வேலை. முகம் எதுவும் அசரியாவுக்குத் தெரியாது. சரசுவின் பின்னல், ஸஹானாவின் சாம்பல் நிற துப்பட்டா, இரண்டு ஜோடிக் குதிகால்கள், அவ்வளவுதான். ஆனால் சரசுவின் வீட்டு விவரம் ஒரு மாதத்தில் அத்துப்படியானது. மகள் ஓவியாவுக்கு இருபத்தொன்பது வயது. ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் தங்கம், பையனைப் பெற்றவள்தான் தகரம். ஓவியா அந்தப் பையனிடம், "பாத்திரம் கழுவுவீங்களா?" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அவன் "ஓகே" என்று மட்டும் பதில் போட்டிருக்கிறான். அந்த ஓகே பணிவா, திமிரா என்பதை அலசவே இரண்டு காலைகள் ஆயின.

சரசுவுக்குக் கோபம் வந்தால் நடை வேகம் பிடிக்கும். பையனின் அம்மா வாயைத் திறந்தாலே சரசுவுக்குக் கோபம் வரும். "கிழக்குத் தாம்பரத்துல ஹால் புடிச்சா அவங்க சொந்தக்காரங்களுக்கு பஸ் வசதி இல்லியாம். இன்னா, மாட்டு வண்டியிலயா வரப் போறாங்க?" என்று அவள் வெடித்த காலையில், பின்னால் வந்த அசரியாவுக்கு நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. பாடுவது இருக்கட்டும், ஜெபம்கூடச் சொல்லியிருக்க முடியாது. டாக்டரம்மா சொன்ன வேகத்தை டாக்டரம்மாவால் வரவழைக்க முடியவில்லை, யாரோ ஒரு சம்பந்தியம்மாள் வரவழைத்தார். அந்த அம்மாள் எவ்வளவு கெடுதல் செய்தாரோ, அவ்வளவுக்கு அசரியாவின் உடம்பு தேறியது.

கதை எப்போதும் நல்ல இடத்தில்தான் அறுபடும். கரையின் முடிவில் ஸஹானா வலப்பக்கம் திரும்புவாள், சரசு இடப்பக்கம். கேட்டதை மட்டும் மனதில் சுமந்துகொண்டு அசரியா வீட்டுக்கு வந்து, இட்லித் தட்டின் முன் தபீதாளிடம் இறக்கி வைப்பார்.

"அடுத்தவங்க பேசறதை ஒட்டுக் கேக்கறது பாவம் இல்லையாங்க?" என்று முதல் நாள் தபீதாள் கேட்டார்.

"நான் நடக்கறேன். காதை எங்க கழட்டி வைக்க?"

தபீதாள் சட்னியை ஊற்றினார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்த பஜ்ஜிக்கு சரசு என்ன சொன்னாளாம்?" என்றார்.

அதன் பிறகு அலாரம் தேவைப்படவில்லை. ஐந்தரைக்கு தபீதாளே போர்வையை உருவுவார். "எந்திரிங்க, அவங்க வந்துடுவாங்க. நேத்து நிச்சயதார்த்தப் பேச்சு பாதியில நிக்குது." ஏழு வாரத்தில் அசரியாவின் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது.

எட்டாவது வாரம் தபீதாள் மூன்று நாள் மதுரைக்குப் போனார், பேத்தியைப் பார்க்க. செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்குப் போர்வையை உருவ ஆள் இல்லை. மழை வேறு லேசாகத் தூறியது. "ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுது" என்று அசரியா புரண்டு படுத்தார். எழுந்தபோது மணி எட்டு. சுகமாக இருந்தது.

புதன்கிழமை போனார். பேச்சு பாத்திரம் பண்டத்துக்கு நகர்ந்திருந்தது. ஸஹானா எதையோ ஆரம்பிக்க, "அதான் நேத்தே பேசியாச்சே, வுடு" என்றாள் சரசு. ஹால் தகராறு முடிந்திருக்கும் என்று அசரியா நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பத்திரிகை அடிக்கும் பேச்சு வந்தது. அதுவரை "அந்தப் புள்ள", "மாப்ள" என்று மட்டுமே சொல்லி வந்த சரசு, அன்று வாசகத்தை முழுசாக ஒப்பித்தாள்.

"அமுதவாணன், அனகாபுத்தூர் சம்பந்தம் அவர்களின் மகன். இனிஷியல் முன்னாடி போடணுமா, பின்னாடி போடணுமான்னு அதுக்கு ஒரு சண்டை."

அசரியாவின் கால் நின்றுவிட்டது.

அமுதவாணன், த/பெ சம்பந்தம், அனகாபுத்தூர். அந்த வரியை அவர் விரல் அறியும். செங்கல்பட்டில் இருந்த கடைசி வருடம், பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து கேட்ட மனுவில் போட்ட ஆர்டர் அது. அமுதவாணன் என்பதை அமுதவேலன் என்று தப்பாக அடித்துவிட்டு, நீதிபதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பதினொரு பக்கத்தையும் மறுபடி அடித்தார். அப்படி அடித்த பெயர் சாகும்வரை மறக்குமா? பையனுக்கு இது இரண்டாவது கல்யாணம். இரண்டு மாதமாகத் தினம் முக்கால் மணி நேரம் கேட்டதில் சரசு ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை. அப்படியென்றால் அவளுக்குத் தெரியாது. மறைத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் ஊர் திரும்பிய தபீதாளிடம் விஷயத்தைச் சொன்னார். தபீதாள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது? உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்களே. ரெண்டு மாசமா முதுகுக்குப் பின்னாடி நடந்து கேட்டேன்னு சொல்லவா?"

"சொல்லுங்க."

"அப்புறம் அவங்க எனக்கு முன்னாடி வாயைத் திறப்பாங்களா? என் நடை அதோட முடிஞ்சது, தபீ."

"உங்க சர்க்கரை குறையணும்னு ஒரு பொண்ணு ஏமாறணுமா?"

வெள்ளிக்கிழமை எட்டடி பின்னால் நடந்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பினார். சனிக்கிழமையும் அப்படியே. கோர்ட் விஷயத்தை வெளியே சொல்லலாமா என்று சட்டப்படி யோசிப்பதாகத் தன்னையே நம்ப வைத்துக்கொண்டார். பாதிக்கு மேல் அது சுயநலம் என்பது அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் எதைப் பற்றியோ நடந்தது. அவருக்கு அதெல்லாம் தன்னைப் பற்றியே பேசுவதாகப் பட்டது. திங்கட்கிழமை காலை காது ஒயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு எட்டில் அவர்களைத் தாண்டிப் போய் நின்றார்.

"மேடம், ஒரு நிமிஷம்."

இருவரும் நின்றார்கள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவர்களின் முகத்தைப் பார்த்தார். குரலை வைத்து அவர் நினைத்திருந்ததைவிடச் சரசு குள்ளம். கண் பெரிது.

"என் பேர் அசரியா. கோர்ட்ல ஸ்டெனோவா இருந்து ரிட்டயர்ட் ஆனவன். மன்னிக்கணும். உங்க மாப்பிள்ளை அமுதவாணனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி டைவர்ஸ் ஆயிருக்கு. செங்கல்பட்டுல அந்த ஆர்டரை அடிச்சதே நான்தான். ஒரு பொண்ணு வாழ்க்கை, அதான் சொல்லாம இருக்க முடியல."

சொல்லி முடித்ததும் அவருக்குள் ஏதோ இலேசானது. அது நீடிக்கவில்லை.

"எங்க மாப்ள பேரு உனக்கு எப்டி சார் தெரியும்?" என்றாள் சரசு.

அசரியா ஏரியைப் பார்த்தார்.

"அவரு நம்ம பின்னாடியேதான் வர்றாரு, சரசு," என்றாள் ஸஹானா அமைதியாக. "ரெண்டு மாசமா. அந்த ஷூ கீச்சு கீச்சுன்னு கத்தும். காதுல மாட்டியிருக்காரேன்னு நான் கண்டுக்கல."

"அடப்பாவி மனுசா!" சரசுவின் குரலுக்குக் கரையோரம் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் கையைத் தூக்கியபடியே திரும்பினார்கள். "அப்போ எல்லாத்தையும் கேட்டுகினு இருந்தியா?"

"எல்லாத்தையும் இல்ல மேடம். பத்தடிக்கு மேல போனா கேக்காது."

"பெரிய மனுசன்னு பாக்கறேன். எங்க ஓவியாவுக்கும் இது ரெண்டாவதுதான். அந்தப் புள்ளைக்கும் ரெண்டாவது. ரெண்டு வூட்டுக்கும் தெரிஞ்சுதான் பொண்ணு பாக்கவே வந்தாங்க. ஊரு சனத்துக்குச் சொல்லலாமா வேணாமான்னு போன செவ்வாக்கெழம பூரா அதைத்தானே பேசிகினு போனோம்!"

"செவ்வாய்க்கிழமை அவர் வரல," என்றாள் ஸஹானா.

அசரியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தெரிந்த விஷயத்தைச் சிநேகிதிகள் தங்களுக்குள் எதற்குப் பேச வேண்டும்? கூண்டில் ஏறிய சாட்சிகூடக் கேட்டால்தான் சொல்வான். இரண்டு மாத விசாரணையில் ஒரே ஒரு நாள் அவர் ஆஜராகவில்லை, கேஸின் உயிர்நாடியே அந்த ஒரு நாளில்தான் இருந்தது.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். தபீதாள் அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினார். ஆனால் காரணம் வேறாக இருந்தது.

"மூணு நாள் நான் ஊர்ல இல்ல. ஒரு செவ்வாய்க்கிழமை எந்திரிச்சுப் போகத் துப்பில்லையா உங்களுக்கு?"

அதற்குப் பிறகு நாலு நாள் அசரியா வெளியே தலை காட்டவில்லை. ஐந்தாம் நாள் அவர்கள் இருக்க மாட்டார்கள் என்று எட்டு மணி வெயிலில் போனார். கதை இல்லாத ஏரிக்கரை எவ்வளவு நீளம் என்பது அன்றுதான் தெரிந்தது. இரண்டு பெரியவர்கள் அரசியல் பேசிக்கொண்டு போனார்கள், அவர்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தார். டீக்கடையில் உட்கார்ந்தாலே கேட்கக் கூடிய பேச்சு, அதற்காக நடப்பானேன்? மறுநாள் அந்தப் பெரியவர்களுக்காக அவர் எழுந்திருக்கவில்லை. பெல்ட் பழைய ஓட்டைக்கே திரும்பிவிடும் போலிருந்தது.

தபீதாள் விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஐந்தரைக்கே எழுப்பித் தள்ளிக் கதவைச் சாத்தினார். அசரியா யோசித்து, எல்லோரும் சுற்றுகிற திசைக்கு எதிர்த் திசையில் நடந்தார். பின்னால் வந்தால்தானே குற்றம்? எதிரே வந்தால் ஒரு நொடியில் தாண்டிவிடலாம். ஆனால் பாதிக் கரையில் சரசு கையை நீட்டி, டிராபிக் போலீஸ்காரர் போல அவரை நிறுத்தினாள்.

"இன்னா சார், ஒளிஞ்சுகினு எதிர்ல வர்றீங்களா?"

"இல்ல மேடம், இந்தப் பக்கம் காத்து நல்லா வருது."

"காத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்களுக்கு சக்கரையாமே? பொழைக்கணுமில்ல? வாங்க, எங்க கூடவே நடங்க. ஆனா பின்னாடி கூடாது. முன்னாடி போங்க. கண்ணு முன்னாடி இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

தனக்குச் சர்க்கரை என்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அசரியா அப்போது யோசிக்கவில்லை. முப்பத்தோரு வருடம் மேலே இருந்து வந்த உத்தரவுக்கெல்லாம் கீழ்ப்படிந்த உடம்பு. திரும்பி, அவர்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் உண்மையான உடற்பயிற்சி தொடங்கியது. பின்னால் நடந்தபோது களைத்தால் கொஞ்சம் பின்தங்கலாம், ஒரு வசனம் போனால் போகட்டும். முன்னால் அது நடக்காது. நடை தளர்ந்தால் பின்னால் பேச்சு சட்டென்று நிற்கும். "சார், நடங்க" என்று சரசு மாட்டை ஓட்டுவது போல ஓட்டுவாள். காதைத் தீட்டினாலும் பயனில்லை. எட்டடி பின்னால் இருப்பவர்கள் பேசுவது முன்னால் போகிறவனுக்குக் கேட்காது, அவர்களோ குரலையும் தாழ்த்திக்கொண்டார்கள். "...தாலிச் சரடு..." என்று ஒன்று, "...அந்தம்மா அழுதுட்டாங்க..." என்று ஒன்று, அறுந்த நூல் போலக் காதில் வந்து விழும். அந்தம்மா ஏன் அழுதார்? திரும்பிப் பார்த்தால் இரண்டு பெண்களும் வாயை மூடிக்கொண்டு அவரையே பார்ப்பார்கள்.

சர்க்கரை விஷயம் இரண்டு வாரம் கழித்து வெளிப்பட்டது. தபீதாள் கிறிஸ்துமஸ் புடவைக்குத் தைக்கக் கொடுத்த பிளவுஸை வாங்க மெயின் ரோட்டுக்குப் போனார். பத்து நிமிட வேலைக்கு இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். அது முதல் தடவை அல்ல என்பதும், சர்க்கரையைப் பற்றி அங்கே சொன்னதே அவர்தான் என்பதும் பேச்சிலேயே தெரிந்தது. சரசுவின் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, டீ குடித்து, ஆதியிலிருந்து அந்தம் வரை கேட்டுவிட்டு வந்திருக்கிறார். இவர் இரண்டு மாதம் ஓடி ஓடிச் சேர்த்த கதையை, ஓர் அடிகூட எடுத்து வைக்காமல்.

"அந்தம்மா ஏன் அழுதாங்களாம்?" என்றார் அசரியா, பேப்பரைப் படிப்பது போல.

"அது பொம்பளைங்க சமாச்சாரம்," என்று தபீதாள் பிளவுஸைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மூன்று மாதச் சர்க்கரை ஆறு புள்ளி எட்டுக்கு இறங்கியிருந்தது. டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். "பிடிக்காத விஷயத்தை இவ்வளவு ஒழுங்கா எப்படி சார் செய்யறீங்க? வெளியில உட்கார்ந்திருக்கற பேஷன்ட்டுங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்களேன். ஒரு ஊக்கமா இருக்கும்." அசரியா தொண்டையைச் செருமினார். பக்கத்தில் தபீதாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காலண்டரைப் பார்த்தார். "மனசு வைக்கணும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு அசரியா வந்துவிட்டார்.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை ஓவியாவின் கல்யாணம் நடந்தது. அன்று கரையில் சரசுவும் இல்லை, ஸஹானாவும் இல்லை. அதட்ட ஆளில்லாத அந்தக் காலையில் அசரியா நேராகப் பழைய பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார், ஒரு டீ குடித்தார், பருப்பு வடை ஒன்று தின்றார். மனமாற்றம் எதுவும் அவருக்கு ஏற்படவில்லை. நடப்பது அவருக்கு இன்றைக்கும் பிடிக்காது.

புதன்கிழமை சரசு வந்தாள். கையில் கல்யாணத்துக்கு வைத்த மருதாணி அழியாமல் இருந்தது. ஒரு துணிப்பையை அவரிடம் நீட்டினாள். உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு, கண்ணாடித்தாள் சுற்றிய பெரிய லட்டு ஒன்று. நெய் வாசனை பைக்கு வெளியே வந்தது.

அசரியாவின் முகம் மலர்ந்தது. "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்..."

"உங்களுக்கு யாரு குடுத்தா? இது டீச்சரம்மாவுக்கு. பத்திரமா கொண்டு போய்ச் சேருங்க. லட்டை எண்ணி வச்சிருக்கேன்," என்றாள் சரசு. "ம், முன்னாடி போங்க. நேரமாச்சு."

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசரியா நடந்தார்.